கார்க் வர மறுக்கிறதா? ஒயின் பாட்டில் திறப்பதில் வரும் கோளாறுகளும் வழிகளும்

விருந்துகளில் பாட்டில் திறந்து ஊற்றும் வேலையில் இருப்பவர்களிடம் வந்து சேரும் பாட்டில்களில் பல, ஏற்கெனவே யாரோ கைவைத்துப் பாதியில் விட்டவை. கார்க் சரியில்லை என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். எடுத்துப் பார்த்தால் ஸ்க்ரூ ஓரமாக ஏறியிருக்கும், அல்லது பாதி ஆழம்தான் இறங்கியிருக்கும். முதல் முயற்சி சறுக்கியதும் அதே ஓப்பனரை அதே துளையில் இன்னும் பலமாகத் திருகுவதுதான் சின்னக் கோளாறைப் பெரிய கோளாறாக்குகிறது. கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையை எடுத்துவிட்டு, என்ன நடந்திருக்கிறது என்று மேலிருந்து பாருங்கள்.

உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஒழுங்காகத் திறப்பது எப்படி என்பதை ஒரு முறை படித்துவிட்டுப் போனால், எங்கே பிசகியது என்று பிடிப்பது சுலபம்.

கோளாறில்லாமல் திறந்தால் இப்படி இருக்கும்

பாட்டில் மேசைமேல் நிமிர்ந்து நிற்க வேண்டும். மடியிலோ முழங்கால்களுக்கு நடுவிலோ வேண்டாம். வாய்க்குக் கீழே ஒரு தடித்த வளையம் இருக்கும்; அதன் அடிப்பகுதியை ஒட்டிக் கத்தியை ஓட்டி ஃபாயிலை வெட்டி எடுங்கள். விளிம்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். 1990-களுக்கு முந்தைய பழைய பாட்டில் என்றால் இந்தத் துடைப்பு கட்டாயம், ஏனென்றால் அப்போது ஃபாயில்கள் ஈயத்தில் செய்யப்பட்டன.

ஸ்க்ரூவின் சுருள் முனை அதன் நடுக்கோட்டில் இருப்பதில்லை, வட்டத்தின் ஓரத்தில் இருக்கும். ஆகவே முனையைக் கார்க்கின் நட்டநடுவில் குத்தினால் சுருள் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நடுவிலிருந்து ஒரு மயிரிழை தள்ளிச் சற்றுச் சாய்த்துக் குத்தி, முதல் அரைச் சுற்றிலேயே நிமிர்த்துங்கள். பிறகு சுருளில் ஒரே ஒரு வளையம் மட்டும் வெளியே தெரியும்வரை திருகுங்கள். இரண்டு படி நெம்புகோல் உள்ள வெயிட்டர் ஓப்பனர் என்றால் முதல் படியை விளிம்பில் வைத்து, அது நழுவாமல் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை நேர் மேலாகத் தூக்குங்கள். கார்க் பாதி எழுந்ததும் இரண்டாவது படி. கடைசி அரை சென்டிமீட்டரைக் கையால் பிடித்து மெதுவாக அசைத்து எடுத்துவிடலாம்.

அறிகுறி 1: ஸ்க்ரூ ஏறவே மாட்டேன் என்கிறது

*கார்க்கே கண்ணில் படவில்லை என்றால்:* ஃபாயில் முழுதாக வெட்டுப்படவில்லை, அல்லது அது கார்க் பாட்டிலே இல்லை. ஃபாயிலின் கழுத்தில் சின்னச் சின்னப் பாலங்கள்போல வெட்டுக்கோடு தெரிந்தால் அது திருகு மூடி. கீழ்ப்பகுதியை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியைத் திருப்புங்கள், திறந்துவிடும். கண்ணாடி மூடி போட்ட பாட்டில்களும் உண்டு. ஃபாயிலை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் ஒரு பக்கமாக மேலே நெம்பினால் போதும். இவற்றில் ஸ்க்ரூவை வைத்து அழுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி மூடியில் அது ஆபத்து.

*மேலே மெழுகு பூசியிருந்தால்:* மெழுகைச் சுரண்டிக்கொண்டு உட்காராதீர்கள். துகள் மேசையெங்கும் சிதறும், பாதி ஒயினுக்குள் விழும். மெழுகே இல்லாததுபோல நினைத்து அதன் வழியாகவே ஸ்க்ரூவை இறக்குங்கள். முதல் படியில் கார்க் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் எழும்போது மெழுகு தானாகவே விளிம்பில் உடையும். அங்கே நிறுத்தி, உடைந்த துண்டுகளைத் துடைத்துவிட்டு மீதியை இழுங்கள். பாறைபோல இறுகிய பழைய மெழுகு மட்டும்தான் விதிவிலக்கு. அதைக் கத்தியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி விரிசல் விழவைக்க வேண்டும்.

*கார்க் தெரிகிறது, முனை மட்டும் வழுக்குகிறது என்றால்:* முனை மழுங்கியிருக்கலாம், அல்லது பிளாஸ்டிக் கார்க்காக இருக்கலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர்போல எதிர்த்தால் செயற்கைக் கார்க். அதற்குக் கூர்மையான சுருளும் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதல் அழுத்தமும் போதும்.

அறிகுறி 2: ஸ்க்ரூ இறங்கிவிட்டது, கார்க் அசையவில்லை

அடிக்கடி வரும் புகார் இது. காரணங்களை எளியதிலிருந்து பாருங்கள்.

*வெளியே எத்தனை வளையம் தெரிகிறது?* இரண்டுக்கு மேல் தெரிந்தால் ஆழம் போதாது. கார்க்கின் மேல்பாதியை மட்டும் பிடித்து இழுத்தால் ஒன்று அசையாது, இல்லாவிட்டால் உடையும். இன்னும் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று இறக்கிவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

*நெம்புகோலின் எந்தப் படி விளிம்பில் இருக்கிறது?* தொடக்கத்திலேயே இரண்டாவது படியை வைத்தால் இழுவை நேராக வராது. கார்க் ஒரு பக்கமாக மடங்கிக் கழுத்தில் இன்னும் இறுகும். இந்த மடிப்பு நெம்புகோல் அமைப்புக்கு ஜெர்மனியின் கார்ல் வீங்கே 1882-இல் காப்புரிமை வாங்கினார். அதில் இருந்தது ஒரே படி. கார்க் வளைகிற தொல்லைக்குத் தீர்வாகத்தான் இரண்டாவது படி பின்னால் சேர்ந்தது. ஒரு படி ஓப்பனர்தான் கையில் இருக்கிறது என்றால், பாதி எழுந்ததும் நிறுத்தி, ஸ்க்ரூவை இன்னொரு சுற்று இறக்கி, மறுபடி நெம்புங்கள்.

*கார்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா?* நெடுநாள் நிமிர்த்தி வைத்த பாட்டில்களிலும், இனிப்பு ஒயின்களிலும் இது நடக்கும். ஸ்க்ரூ கார்க்கில் இருக்கும்போதே கைப்பிடியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே அழுத்துங்கள். 'க்ளுக்' என்று ஒட்டு விடுபடும் உணர்வு கைக்குத் தெரியும். பிறகு இழுத்தால் வந்துவிடும். இதே வேலைக்காகவே சாமுவேல் ஹென்ஷால் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1795-இல் தன் கார்க் ஸ்க்ரூவில் சுருளுக்கு மேலே ஒரு வட்டத் தகடு வைத்துக் காப்புரிமை எடுத்தார். தகடு கார்க்கைத் தொட்டதும் தொடர்ந்து திருகினால் கார்க்கே சுழன்று கண்ணாடியிலிருந்து விடுபடும். எளிமையான யோசனை, இன்றைக்கும் பலிக்கிறது.

அழுத்தியும் விடவில்லை என்றால், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கழுத்தைச் சுற்றி ஒரு நிமிடம் பிடியுங்கள். வெதுவெதுப்பு போதும். குளிர்ந்த பாட்டிலில் கொதிநீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். லைட்டர், மெழுகுவர்த்தி, அடுப்பு எதுவும் வேண்டாம்.

*திருகும்போது கார்க்கும் சேர்ந்தே சுழல்கிறதா?* இது எதிர்த்திசைப் பிரச்சினை. கார்க் ஒட்டவில்லை, தளர்ந்திருக்கிறது. இன்னும் அழுத்தித் திருகினால் உள்ளே போய்விடும். அழுத்தத்தை விட்டுவிட்டு, பாட்டிலைச் சற்றுச் சாய்த்து, ஸ்க்ரூவைச் சாய்வாக நுழைத்துக் கார்க்கைக் கண்ணாடிச் சுவரோடு அணைத்தபடி இழுங்கள்.

*எங்கே நிறுத்த வேண்டும்:* பாட்டிலைக் கால்களுக்கு நடுவே இடுக்கி, முதுகை வளைத்து இழுக்கத் தோன்றுகிறதா? நிறுத்திவிடுங்கள். அந்த பலம் திடீரென்று விடுபட்டால் முழங்கையும் ஒயினும் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கழுத்துக்குள் கண்ணாடி ஒழுங்கில்லாமல் குறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இறக்கையோ நெம்புகோலோ உள்ள பெரிய ஓப்பனரை யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பாட்டிலை விற்றவரிடம் திருப்பிக் கொண்டுபோவதே சரி.

அறிகுறி 3: கார்க் அங்கேயே இருக்கிறது, ஸ்க்ரூ மட்டும் கையோடு வந்துவிட்டது

கார்க்கின் நடுவில் குழி, சுற்றிலும் தூள். முதல் சந்தேகம் ஓப்பனர்மேல்தான் விழ வேண்டும். சுருளை முனைப்பக்கமிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெற்றிடம் தெரிய வேண்டும். ஒரு தீக்குச்சி அதற்குள் நுழைய வேண்டும். அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியும் அதைச் சுற்றி மரை வெட்டியதுபோல விளிம்பும் இருந்தால், அது கார்க்கைப் பிடிக்கிற கருவி இல்லை, துளைபோடுகிற கருவி. மலிவான இறக்கை ஓப்பனர்களில் பல இந்த ரகம். புதுக் கார்க்கில் எப்படியோ சமாளித்துவிடும், கொஞ்சம் காய்ந்த கார்க்கில் தோற்றுவிடும். அதைத் தூக்கிப் போடுங்கள் என்பேன். வைத்திருந்தால் என்றைக்காவது ஒரு நல்ல பாட்டிலில் அதைப் பயன்படுத்திவிடுவீர்கள்.

ஓப்பனர் சரியாக இருந்தும் இப்படி ஆனால் கார்க் உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கிறது. அதே துளையில் மறுபடி இறக்காதீர்கள், அங்கே பிடிக்க எதுவும் மிச்சமில்லை. ஓரத்தில் சேதமாகாத கார்க்கைத் தேடி, சாய்வாக, அழுத்தாமல் மெதுவாகத் திருகுங்கள்.

இதைவிட நம்பகமான வழி, ஆ-ஸோ என்ற பெயரில் கிடைக்கும் இரட்டைத் தகடு ஓப்பனர். இதில் சுருளே கிடையாது. ஒன்று நீளம், ஒன்று குட்டையாக இரண்டு மெல்லிய தகடுகள். நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, அடுத்ததை எதிர்ப்பக்கம் வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி இறக்க வேண்டும். நேராக அழுத்தினால் கார்க் உள்ளே போகும். கைப்பிடி கார்க்கின் தலையைத் தொட்டதும், சுழற்றிக்கொண்டே மேலே இழுங்கள். குழி விழுந்த கார்க்கும் முழுசாக வந்துவிடும். செயற்கைக் கார்க்குக்கும், ஏற்கெனவே தளர்ந்து சுழலும் கார்க்குக்கும் இது ஒத்துவராது.

அறிகுறி 4: கார்க் பாதியில் உடைந்துவிட்டது

பதற்றம் வேண்டாம். பாதி கார்க் இன்னும் நல்ல மூடிதான். ஒயினுக்கு இப்போதைக்கு எதுவும் ஆகவில்லை.

ஏன் உடைந்தது என்று பார்த்தால்தான் அடுத்த அடியைச் சரியாக வைக்க முடியும். சுருளில் மாட்டியிருக்கும் துண்டைக் கழற்றிப் பாருங்கள். துண்டின் அடியில் சுருள் வெளியே நீட்டிக்கொண்டில்லை என்றால் சுருள் அடிவரை போகவில்லை, அவ்வளவுதான். ஒயின் கார்க்குகள் 38 மில்லிமீட்டரிலிருந்து 54 மில்லிமீட்டர்வரை பல நீளங்களில் வரும். நெடுநாள் வைத்திருக்கத் தயாரித்த ஒயின்களுக்கு நீளமான கார்க் போடுவார்கள். குட்டைச் சுருள் அதன் அடிப்பாதியைத் தொடுவதே இல்லை. துண்டு ஒரு பக்கமாகச் சரிந்து உடைந்திருந்தால் நேராக இழுக்கவில்லை என்று அர்த்தம். தொட்டதுமே பொடியாக உதிர்ந்தால் வயதுதான் காரணம், உங்கள் கை இல்லை.

இனி கழுத்துக்குள் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும்.

*ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்:* எடுத்துவிடலாம். சுருளில் ஒட்டியிருக்கும் தூளைத் துடையுங்கள். கழுத்துக்குள் உதிர்ந்து கிடக்கும் தூளை, பாட்டிலைப் படுக்கவைத்த மாதிரி சாய்த்து வெளியே தட்டிவிடுங்கள். பாட்டிலைச் சாய்த்த நிலையிலேயே வைத்துக்கொண்டு ஸ்க்ரூவையும் சாய்வாக நுழையுங்கள். பழைய துளைக்குள் போகக் கூடாது. கீழ்நோக்கி அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கட்டும், சுருள் தானாகக் கடித்து இறங்கும். கால் சுற்று, கால் சுற்றாகப் போங்கள். பிடிமானம் கிடைத்ததும் கார்க்கைக் கண்ணாடிச் சுவரோடு அழுத்தியபடி, நெம்புகோல் இல்லாமல் கையாலேயே இழுங்கள். நெம்புகோலின் பலம் இந்த இடத்தில் எதிரி.

*ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை என்றால்:* எடுக்கும் முயற்சியைக் கைவிட்டு உள்ளே தள்ளுவதே நல்லது. தோண்டத் தோண்டத் தூள்தான் பெருகும். தள்ளும் முறை அடுத்த அறிகுறியில்.

*இரண்டுக்கும் நடுவில் என்றால்:* ஆ-ஸோ இருந்தால் ஒரு முயற்சி. அதுவும் தள்ளத் தொடங்கினால் விட்டுவிடுங்கள்.

*எப்போது நிபுணர்:* பல பத்தாண்டு பழைய பாட்டில், அல்லது மறுபடி வாங்க முடியாத பாட்டில் என்றால் உடைந்த பிறகு அழைக்காதீர்கள், திறக்கும் முன்பே அழையுங்கள். பழைய ஒயின்களைக் கையாளும் சொமெலியேக்களிடம் (ஒயின் பரிமாறும் நிபுணர்கள்) ஆ-ஸோவும் சுருளும் சேர்ந்த ஓப்பனர்கள் இருக்கும்; சுருள் நடுவைப் பிடிக்க, தகடுகள் ஓரத்தை அணைக்க, நொறுங்கும் கார்க்கும் ஒரே துண்டாக எழும். சிலர் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைப் பிடித்து, உடனே ஈரத்துணி வைத்துக் கண்ணாடியையே கார்க்குக்குக் கீழே துண்டிப்பார்கள். பழைய போர்ட் ஒயினுக்கு வழிவழியாகச் செய்யும் முறை இது. பார்க்க அழகு, வீட்டில் முயற்சிக்கக் கூடாதது.

அறிகுறி 5: கார்க் உள்ளே விழுந்துவிட்டது

ஒயின் கெட்டுவிட்டதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இல்லை. கார்க் இத்தனை நாளும் அந்த ஒயினைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது.

நீங்களே தள்ளுவதாக இருந்தால் ஒரு விஷயம்: கார்க் இறங்க இறங்க உள்ளே காற்று அமுங்கும், கடைசியில் ஒயின் மேலே பீய்ச்சியடிக்கும். பாட்டிலைக் கழுவுதொட்டிக்குள் நிறுத்தி, வாயைச் சுற்றித் துணி போர்த்தி, மரக்கரண்டியின் காம்பால் மெதுவாகத் தள்ளுங்கள். சிவப்பு ஒயின் என்றால் வெள்ளைச் சட்டையை மாற்றிவிட்டு வந்து செய்யுங்கள்.

ஊற்றும்போது கார்க் மிதந்துவந்து கழுத்தை அடைக்கும். ஒரு நீளமான மரக்குச்சியை உள்ளே விட்டுக் கார்க்கை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, மொத்த ஒயினையும் ஒரே மூச்சில் ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். கிளாஸ் கிளாஸாக ஊற்றினால் ஒவ்வொரு முறையும் இந்தப் போராட்டம்தான். அன்றைக்கே குடித்து முடிக்கப் பாருங்கள், மீந்தால் மூடி போட்ட வேறு பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பாட்டிலை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டுக் கார்க்கை எடுக்க வேண்டுமென்றால்: பாட்டில் காலியான பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுருட்டி உள்ளே விடுங்கள், பையின் வாய் மட்டும் வெளியே இருக்கட்டும். பாட்டிலைக் கவிழ்த்துக் கார்க்கைக் கழுத்துப் பக்கம் நீளவாக்கில் உருட்டி, பைக்குள் ஊதுங்கள். பை கார்க்கை அணைத்துக்கொள்ளும். சீராக இழுத்தால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

அறிகுறி 6: ஒயினில் ஏதோ மிதக்கிறது, அல்லது அடியில் தங்குகிறது

*மிதந்தால்* கார்க் தூள். தீங்கில்லை, வாயில் பட்டால் எரிச்சல் அவ்வளவுதான். நான்கைந்து துணுக்கு என்றால் கரண்டியால் எடுத்துவிடுங்கள். நிறைய என்றால் நுண்ணிய கண்ணுள்ள எவர்சில்வர் வடிகட்டி. காபி ஃபில்டர் தாள் பயன்படுத்தினால் முதலில் வெந்நீரில் அலசுங்கள், தாளின் வாடை ஒயினில் ஏறும். சோப்பு மணக்கும் துணியில் வடிகட்டினால் கார்க் தூளே மேல் என்று ஆகிவிடும்.

*அடியில் கருஞ்சிவப்பு வண்டல் என்றால்* அது வயதான சிவப்பு ஒயினில் இயல்பு. பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வைத்திருந்து, குலுக்காமல் திறந்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு ஜாடிக்கு மெதுவாக ஊற்றுங்கள். தோள்பட்டை வளைவில் கருமையான இழை எட்டிப்பார்க்கும்போது நிறுத்திவிட வேண்டும்.

*பளபளக்கும் துகள் என்றால்* நிறுத்துங்கள். பாட்டிலின் வாய் விளிம்பு உடைந்திருந்தால் அடுத்ததைப் படியுங்கள்; முழுசாக இருந்தால் அறிகுறி 10-ஐப் பாருங்கள்.

அறிகுறி 7: பாட்டிலின் வாய் சிதறிவிட்டது

இதற்குக் கிளை கிடையாது. ஒயினைக் கொட்டிவிடுங்கள். உடைந்த சில்லு மேசையில் கிடைத்துவிட்டது, வடிகட்டினால் போதுமே என்று வாதாடுபவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சில்லைவிடத் தெரியாததுதான் கவலை, அதை எந்த வடிகட்டியும் உறுதியாகப் பிடிக்காது. பெரும்பாலும் நெம்புகோலை விளிம்பில் சாய்வாக வைத்ததுதான் காரணமாக இருக்கும். ஃபாயிலை எடுத்ததுமே விளிம்பில் விரிசல் தெரிந்திருந்தால் மட்டும் அது பாட்டிலின் குறை. திறக்காமல் திருப்பிக் கொடுக்கலாம்.

கையில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை, விரலை மடக்க முடியவில்லை, விரல்நுனி மரத்திருக்கிறது, காயத்துக்குள் கண்ணாடி இருக்கிறது என்று சந்தேகம். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. மரத்துப்போவது நரம்பு, மடக்க முடியாதது தசைநாண். இரண்டும் காத்திருக்காது.

அறிகுறி 8: கார்க் இருக்கிறது, ஓப்பனர் இல்லை

உள்ளே தள்ளுவதுதான் எளிது, பாதுகாப்பும் அதுதான். கருவிப்பெட்டி பக்கத்தில் இருந்தால் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத மர ஸ்க்ரூ ஒன்றைக் கழுவி, இரண்டு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி ஸ்க்ரூடிரைவரால் கார்க்கில் இறக்கி, ஆணி பிடுங்கும் சுத்தியலின் பிளவில் மாட்டி நெம்பி எடுக்கலாம். மரை அகலமாக, பல் பெரிதாக இருக்கும் ஸ்க்ரூ நல்லது.

செய்யக் கூடாதவற்றின் பட்டியல் இதைவிட நீளம். கத்தியைக் குத்தித் திருப்புவது: கத்தி நழுவி இறங்குவது கழுத்தைப் பிடித்திருக்கும் உங்கள் இன்னொரு உள்ளங்கையில். பாட்டிலின் அடியை ஷூவுக்குள் வைத்துச் சுவரில் மோதுவது: வீடியோக்களில் பலிக்கிறது, ஆனால் எந்த மோதலில் கண்ணாடி உடையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, வண்டலும் கலங்கிவிடும். ஊசி வைத்த காற்று பம்ப்: குறையுள்ள கண்ணாடி அந்த அழுத்தத்தைத் தாங்காது. நெருப்பைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அறிகுறி 9: நுரை ஒயின் பாட்டிலின் கார்க் தகராறு செய்கிறது

இது வேறு பிராணி. ஷாம்பெயின் பாட்டிலுக்குள் ஐந்து, ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கும்; கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதில் கார்க் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை.

*கம்பிக்கூண்டைத் தளர்த்தியதும் கார்க் தானாக எழுகிறது:* பாட்டில் சூடாக இருக்கிறது, அல்லது குலுங்கியிருக்கிறது. உள்ளங்கையால் கார்க்கை மூடி அழுத்திப் பிடித்தபடியே, யாருடைய முகத்தையும் நோக்காத திசையில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விடுங்கள். அடுத்த பாட்டிலுக்கு முன்பு: ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த வாளியில் அரை மணி நேரம். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்ததுதான் சீக்கிரம் குளிரவைக்கும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கலாம்.

*கார்க் அசையவே இல்லை:* முதலில் கூண்டைக் கவனியுங்கள். வளையத்தை ஆறு அரைச் சுற்றுகள் திருப்பினால் கம்பி தளரும். தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். கூண்டோடு சேர்த்துக் கார்க்கைப் பிடித்தால் பிடி வழுக்காது. பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, கார்க்கை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், கார்க்கைத் திருகுகிறார்கள், அதன் தலை முறிகிறது. கை வழுக்கினால் உலர்ந்த துணி. அப்படியும் வரவில்லை என்றால் கழுத்தில் மட்டும் வெதுவெதுப்பான துணியை அரை நிமிடம் வைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். முகம் எப்போதும் விலகியே இருக்கட்டும்.

*கார்க்கின் தலை முறிந்து கழுத்துக்குள் மிச்சம் நிற்கிறது:* இங்கே நிறுத்துங்கள். அழுத்தம் முழுவதும் உள்ளே இருக்கிறது. ஸ்க்ரூவை இறக்கினால் அது உங்களை நோக்கிப் பாயும் ஆயுதமாகிவிடும். தடித்த துணி சுற்றி, நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள், அனுபவமுள்ள சொமெலியே ஒருவரிடம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

*கார்க் பாய்ந்து கண்ணில் அடித்துவிட்டால்:* தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். பார்வை நன்றாகத் தெரிந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவர். உள்காயம் வெளியில் தெரியாது.

அறிகுறி 10: கார்க் நன்றாக வந்துவிட்டது, ஆனால் ஏதோ சரியில்லை

*கார்க்கின் தலையில் பூஞ்சை:* ஈரமான நிலவறையில் இருந்ததற்கு அடையாளம். துடைத்துவிட்டுத் திறங்கள், ஒயினுக்குச் சம்பந்தமில்லை.

*கார்க்கின் அடியில் கண்ணாடித்தூள்போலப் படிகங்கள்:* டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு. குளிரில் படிவது. விரலில் தேய்த்தால் நொறுங்கும், நாக்கில் புளிக்கும். கண்ணாடி என்று பயந்து நல்ல ஒயினைக் கொட்டியவர்கள் உண்டு. வாய் விளிம்பு முழுசாக இருந்தால் அது கண்ணாடி இல்லை.

*கார்க்கின் முழு நீளத்துக்கும் ஒயின் ஊறிய கோடு, அல்லது கார்க் விளிம்புக்கு மேல் துருத்தியிருந்தது:* பாட்டில் எப்போதோ சூடு பட்டிருக்கிறது, அல்லது உறைந்து விரிந்திருக்கிறது. முடிவை நாக்குதான் சொல்ல வேண்டும். சில தப்பித்துவிடும்.

*வாடை:* கிளாஸில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்து பாருங்கள். தீக்குச்சி, அழுகிய முட்டை வாடை என்றால் ஜாடிக்கு மாற்றி அரை மணி நேரம் காற்றாட விடுங்கள், பெரும்பாலும் விலகிவிடும். வினிகர், நகப்பூச்சு வாடை என்றால் மீட்பு இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி, ஈர நிலவறை வாடையோடு பழ மணமே இல்லாமல் ஊமையாக இருந்தால் கார்க் வழியாக வந்த கறை. டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் ட்ரைக்குளோரோஅனிசோல் இதற்குக் காரணம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சுவை போனது போனதுதான். சந்தேகமாக இருந்தால் பத்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்து பாருங்கள். முட்டை வாடை குறையும், இது குறையாது, பெரும்பாலும் கூடும்.

இதில் உங்கள் கைப்பிசகு ஒன்றுமில்லை, எந்த விலை பாட்டிலிலும் வரலாம். உணவகத்தில் என்றால் முதல் வாயிலேயே சொல்லிவிடுங்கள், வேறு பாட்டில் திறந்து தருவது அங்கே வழக்கம். கடையில் வாங்கியது என்றால் கார்க்கை மறுபடி செருகி, மீதி ஒயினோடு கொண்டுபோங்கள். முக்கால் பாட்டில் குடித்துவிட்டுப் போய் வாடை அடிக்கிறது என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் நம்பமாட்டார்.